பழவேற்காட்டில் ஒரு கொட்டாங்கச்சித் தோட்டம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கத்தான் மார்கழியில் போனோம். என் மனசில் நின்றதென்னவோ, ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரம்தான். வரிசையாகக் கொட்டாங்கச்சிகள், ஒவ்வொன்றிலும் நாலு இலையோடு மிளகாய் நாற்று!

"தரையில விதைச்சா மழையில அழுகிடும்க்கா. மழை விட்டப்புறம் விதைச்சா, நல்லா காய்க்கிறதுக்குள்ள கிணத்துத் தண்ணி கரிச்சுப் போயிடும்" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணின் உப்பைக் கழுவிவிடும். கோடையில் உப்பு மறுபடி ஏறிவிடும். செடிக்குக் கிடைப்பது இடையில் உள்ள சில மாதங்கள்தான்.

அதனால் கார்த்திகையிலேயே, கண்ணைத் துளைத்த கொட்டாங்கச்சியில் மணலும் மக்கிய சாண எருவும் கலந்து போட்டு விதைத்துவிடுகிறாள். தெளிப்பதற்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். முளைக்க எட்டு, பத்து நாளாகும். நடுவதற்கு முன் ஒரு வாரம் காலை வெயில் காட்டுகிறாள். 40 நாளானதும் தை மாதம் நடவு.

"வலையில மீன் படாத நாள்ல மிளகாயும் காசு குடுத்து வாங்கணும்னா எங்கக்கா போறது?" என்று சிரித்தாள்.

வீடு திரும்பிய மறுநாள் தேங்காய் துருவினேன். கொட்டாங்கச்சியைக் குப்பையில் போடக் கை வரவில்லை.