மாடு உள்ளேயா... வெளியேயா?

மார்கழி மாசம் உங்க ஹாஸ்டல் ரூம்ல என்ன சண்டை நடக்கும்னு எனக்குத் தெரியும். "மச்சான், ஃபேனை ஆஃப் பண்ணுடா, குளுருது!", "கொசு கடிக்குதுடா, ஓடட்டும் விடு!" இதானே? எங்க வீட்டுலயும் வருஷா வருஷம் ஐப்பசியில ஆரம்பிச்சு தை வரைக்கும் கிட்டத்தட்ட இதே சண்டைதான். என்ன ஒண்ணு, அது எங்களுக்காக நடக்கிற சண்டை இல்லை. எங்க வீட்டு ரெண்டு பசு மாட்டுக்காக!

நமக்கு ஊரு கல்லங்குறிச்சி. அரியலூருக்குப் பக்கத்துல. சிமென்ட் லாரிங்க போற ரோடும், கலியுக வரதராசப் பெருமாள் கோயிலும்தான் எங்க அடையாளம். ராமநவமியை ஒட்டி நடக்கிற திருவிழாவுக்கு ஒரு தடவை வந்து பாருங்க. நெல்லு, கம்பு, ஆடு, மாடுன்னு விளைஞ்சது, வளர்த்தது எல்லாத்தையும் காணிக்கையா கொண்டு வந்து குவிப்பாங்க. கருவறையில வழக்கமான சிலைக்குப் பதிலா ஒரு கல் கம்பத்தைத்தான் கும்பிடுறோம். காணாமப் போன தன்னோட சினைப் பசுவைத் தேடிப் போன ஒருத்தர், அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல பசுவைக் கண்டுபிடிச்சார்ங்கிறதுதான் தல வரலாறு. ஊர்க் கதையே மாட்டுல இருந்து தொடங்குதுன்னா பார்த்துக்கங்க. இங்க மாட்டைப் பத்திக் கருத்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

எங்க வீட்டுல ரெண்டு கட்சி. தாத்தா 'வெளியே' கட்சி. "மாடுன்னா காத்துல நிக்கணும்டா. வேப்பமரத்தடியில முளைக்குச்சி அடிச்சுக் கட்டு. எங்கப்பன் காலத்துல எந்த மாடு சுவத்துக்குள்ள படுத்துச்சு?" அப்பா 'உள்ளே' கட்சி. "சும்மா இருங்கப்பா... அது உங்க காலத்து நாட்டு மாடு. இது ஜெர்சி கலப்பு. பனி தாங்காது." அதுக்காகவே மூணு பக்கம் ஹாலோ பிளாக் சுவர் வச்சு, மேல தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டினார். நாலாவது பக்கத்துக்கும் மழைக்காலத்துல தார்ப்பாய் தொங்கும். உள்ளே கொசுவுக்கு மூட்டம் வேற.

இது வெறும் வாய்ச் சண்டைன்னா நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். போன கார்த்திகையில ஜெர்சிக்கு மடிநோய் வந்துடுச்சு. மடி கல்லு மாதிரி வீங்கி, பால் திரிஞ்சு கட்டி கட்டியா வந்துச்சு. ஊசி, மருந்துன்னு பார்த்தும் ஒரு காம்பு வறண்டு போச்சு. நாலு காம்பு மாடு மூணு காம்பு மாடா ஆயிடுச்சு. அந்தப் பால் காசுலதான் என் மெஸ் பில் ஓடுதுங்கிறதால, எனக்கும் இதுல ஒரு பங்கு உண்டு!

உடனே ரெண்டு கட்சியும் அறிக்கை விட்டாச்சு. "உள்ள போட்டுப் பூட்டினா நோய் வராம என்ன செய்யும்?"னு தாத்தா. "பகல்ல மரத்தடிச் சேத்துல படுக்க விட்டா வராம என்ன செய்யும்?"னு அப்பா. ஊசி போட வந்த மாட்டு டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்துட்டு சிம்பிளா ஒண்ணு சொன்னார்: "மாடு படுக்கிற இடம் ஈரமா இருந்தா, உள்ள என்ன, வெளிய என்ன?"

அந்த ஒரு வரி எனக்குள்ள ஒரு பல்பைப் போட்டுடுச்சு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஹீட் டிரான்ஸ்ஃபர்னு ஒரு பேப்பர் படிச்சுட்டு இதைக்கூட யோசிக்கலைன்னா எப்படி?

முதல்ல குளிர். எங்க பக்கம் மார்கழி விடியக்காலையில 20 டிகிரியை ஒட்டி இறங்கும். நமக்கு அது ஸ்வெட்டர் குளிர். மாட்டுக்கு? அதோட பெரிய வயித்துக்குள்ள ஒரு நொதிக்கிற தொட்டியே இருக்கு. தின்ன வைக்கோலை நுண்ணுயிரிகள் சிதைக்கச் சிதைக்க வெப்பம் வந்துட்டே இருக்கும். நல்லா பால் கறக்கிற பெரிய பசு ஒண்ணு வெளியே தள்ளுற வெப்பம் ஏறக்குறைய ஒரு கிலோவாட். அதாவது, உங்க ஹாஸ்டல்ல வார்டனுக்குத் தெரியாம ஓட்டுறீங்களே அயர்ன் பாக்ஸ், அது ஒண்ணு ராத்திரி முழுக்க ஓடுற மாதிரி! உடம்பு காஞ்சு, வயிறு நிறைஞ்சிருந்தா கறவைப் பசு ஜீரோ டிகிரிக்குக் கீழகூடத் தாங்கும். அதுக்கு உண்மையான எதிரி சித்திரை வெயில்தான். அப்போ, 'பனி தாங்காது'ங்கிற அப்பாவோட வாதம் அவுட்.

அதுக்காக தாத்தா ஜெயிச்சுட்டார்னு விசில் அடிக்காதீங்க. மாட்டோட ரோமம் ஒரு போர்வை. ரோமத்துக்கு நடுவுல நிக்கிற காத்துதான் அந்தப் போர்வையோட ரகசியம். மழையில நனைஞ்சா காத்து இருந்த இடத்துல தண்ணி வந்துடும். அதுமேல வாடைக் காத்து அடிச்சா, அதே 20 டிகிரியிலயே மாடு நடுங்கும். தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மழையில ஏறக்குறைய பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டுது. வேப்பமரம் எவ்வளவு நேரம் குடை பிடிக்கும்? மரத்தடியில இடி வேற பயம்.

ராத்திரி வெளியே நிறுத்தின பைக் சீட்டைக் காலையில தொட்டுப் பார்த்திருக்கீங்களா? சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். மரத்தடியில நிறுத்தின பைக் பெரும்பாலும் காஞ்சிருக்கும். மேகமில்லாத ராத்திரியில வெட்டவெளியில இருக்கிற எந்தப் பொருளும் தன்னோட வெப்பத்தை வானத்தைப் பார்த்து வீசிட்டே இருக்கும். வானம் திருப்பித் தர்றது கம்மி. அதனால அந்தப் பொருள் சுத்தி இருக்கிற காத்தைவிடக் குளிர்ந்து, அதுமேல பனி இறங்குது. நடுவுல ஒரு மரக்கிளையோ கூரையோ இருந்தா அந்த இழப்பு குறைஞ்சிடும். ஆக, பனியைத் தடுக்கிறது சுவர் இல்லை பாஸ்... கூரை!

அப்போ சுவர் என்ன செய்யுது? அதைத் தெரிஞ்சுக்க நீங்க விடியக்காலை நாலரை மணிக்கு எங்க கொட்டகைத் தார்ப்பாயைத் தூக்கிட்டு உள்ளே போகணும். நான் போனேன். முதல் செகண்ட்லயே என் மூக்குக்கண்ணாடி மேல ஆவி படிஞ்சிடுச்சு. ரெண்டாவது செகண்ட்ல கண்ணு எரிஞ்சுது. மூணாவதா, தகரத்துல இருந்து சில்லுன்னு ஒரு சொட்டு பிடரியில விழுந்துச்சு. வெளியே மழை இல்லை!

எல்லாமே நம்ம சிலபஸ்தான். மாடு மூச்சு வழியாவும் தோல் வழியாவும் தண்ணியை லிட்டர் கணக்குல ஆவியா விடுது. அந்த ஈரம் வெளியேற வழியில்லாம, வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோன தகரத்துல பட்டு, சொட்டு சொட்டா மாட்டு மேலயே விழுது. கண்ணு எரிஞ்சது கோமியத்துல இருந்து வர்ற அம்மோனியாவால. அஞ்சு நிமிஷத்துக்கே நமக்கு இப்படின்னா, பன்னிரண்டு மணி நேரம் உள்ளே நிக்கிற நுரையீரலுக்கு? கூடவே மூட்டப் புகை. தரை காயவே காயாது. ஈரத் தரை, சாணி, சூடு இதெல்லாம் சேர்ந்தா மடிநோய்க் கிருமிக்கு ஹாஸ்டல் கட்டிக் கொடுத்த மாதிரிதான்.

குளிர் தேசத்துக்காரங்க குதிரையை வச்சுக்கிட்டு இதே சண்டையைப் போடுறாங்க. பனிக்காலத்துல லாயத்துல அடைக்கிறதா, மேய்ச்சல் வெளியிலயே விடுறதான்னு. குளிருக்குப் பழகின, ரோமம் வளர்ந்த குதிரை மைனஸ் 15 டிகிரி வரைக்கும் பெரிய சிரமம் இல்லாம நிக்கும். ஆனா அடைச்ச லாயத்துல வைக்கோல் தூசியும் அம்மோனியாவும் சேர்ந்து நாள்பட்ட இருமலைக் கொண்டு வந்துடும். அதனால அங்க பலரும் கண்டுபிடிச்ச வழி, வெளியில விட்டுட்டு, மழை, காத்துக்கு ஒதுங்க கூரையும் மூணு பக்கச் சுவரும் உள்ள ஒரு ஒதுக்கிடம் கட்டி வைக்கிறது. உள்ளே போறதா, வேணாமான்னு குதிரையே முடிவு பண்ணிக்கும்!

குதிரைன்னதும் நம்ம ஊருக் கதை ஒண்ணு. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்க கடல் வழியா வருஷத்துக்கு 2,000-க்கு மேல குதிரை வாங்குறாங்க, வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சறதில்லைன்னு எழுதி வச்சிருக்கார். கணக்கு கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனா அவர் சொல்ற காரணத்தைக் கவனிங்க: அதைப் பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை. வேற தட்பவெப்பத்துல வளர்ந்த மிருகத்தை வாங்க காசு மட்டும் போதாது. இங்கிலீஷ் கால்வாய்ல ஜெர்சின்னு ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவு மாட்டோட ரத்தம் கல்லங்குறிச்சிக் கட்டுத்தறிக்கு வந்திருக்குன்னா, அந்தப் பழைய பாடத்தை நாமளும் ஒரு தடவை புரட்டிப் பார்க்கணும்.

இத்தனையும் பாயின்ட் பாயின்ட்டா எடுத்துச் சொன்னேன். தாத்தாவும் அப்பாவும் ரெண்டு நிமிஷம் அமைதியா இருந்தாங்க. அப்புறம் "அப்படின்னா நான் சொன்னதுதானே சரி"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சாங்க! அதுவரைக்கும் பேசாம பால் கேனைக் கழுவிக்கிட்டு இருந்த அம்மா திரும்பினாங்க.

"மாடு எங்க நிக்கணும்னு எல்லாரும் பேசுறீங்க. நாலரை மணிக்கு அங்க யாரு நிக்கிறதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

வெளியே கட்டினா மழையில முளைக்குச்சி முளைக்குச்சியா மாத்திக் கட்டுறது அம்மா. சேறு அப்பின மடியைக் கழுவுறது அம்மா. உள்ளே கட்டினா சாணி அள்ளுறது, கோமியத்தை வாளியில மொண்டு கொட்டுறது, அந்தப் புகையில உக்காந்து பால் கறக்கிறது எல்லாமே அம்மா. ஒவ்வொரு மழைக்காலத்துலயும் அம்மாவுக்கு ஒரு இருமல் வரும். 'சீதோஷ்ணம்'னு சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுப்போம். அந்த அம்மோனியா மாட்டுக்கு மட்டும்தான் ஏறும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே!

"சரிம்மா, உனக்கு எப்படி இருந்தா தோது?"னு கேட்டேன். இருபது வருஷமா பிளான் போட்டு வச்சிருந்த மாதிரி மளமளன்னு வந்துச்சு பதில். தரை சாய்வா இருக்கணும், கோமியம் தானா வாய்க்கால்ல ஓடித் தென்னைக்குப் போகணும். குழாய் பக்கத்துல வரணும். ஒரு லைட்டு வேணும். கயிறை அவுத்து விட்டா மாடு தானா உள்ளே வெளியே போய் வரணும். புத்தகத்தைப் புரட்டினா, கட்டாம வளர்க்கிற கொட்டகைக்கு ஒரு பசுவுக்கு 3.5 சதுர மீட்டர் கூரை போட்ட இடம், 7 சதுர மீட்டர் திறந்த இடம், நாப்பது அடிக்கு ஒரு அடி சாய்வுன்னு கிட்டத்தட்ட அம்மா சொன்னதே நம்பர் போட்டு இருக்கு!

பணம்? என் லேப்டாப்புக்காக அம்மா சேர்த்த சீட்டுப் பணம் இருந்துச்சு. "என்னடா சொல்ற?"ன்னாங்க. ஃபைனல் இயர் புராஜெக்ட்டை காலேஜ் லேப்லயே முடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன். லேப் அஞ்சு மணிக்கே பூட்டிடுவாங்கங்கிறது தனிக் கவலை.

தெற்கு, மேற்குச் சுவர்களை மூணு அடியோட நிறுத்திட்டோம். இந்த சீசன்ல காத்தும் சாரலும் வடகிழக்குல இருந்து வர்றதால அந்தப் பக்கம் சுவர் அப்படியே இருக்கு. தகரத்து மேல கீத்து வேய்ஞ்சதுல சொட்டுறது நின்னுடுச்சு. தார்ப்பாயும் மூட்டமும் அவுட். கொசுவுக்கு வலை. கூரையை இரும்புக் கம்பியால இழுத்துக் கட்டியாச்சு. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டப்போ ஆயிரக்கணக்குல கால்நடைகள் செத்ததை மறக்க முடியுமா? புயல் வருதுன்னா, மாட்டைக் கட்டிப் போடாம கயிறை அவுத்து விடணும்ங்கிறதையும் வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கோம்.

தாத்தா சொன்ன ஒண்ணு மட்டும் நூத்துக்கு நூறு சரி. பனி காயுறதுக்கு முன்னாடி மேய்ச்சலுக்கு விடாதேம்பார். வயித்துப் புழுவோட குட்டிப் புழுக்கள் ஈரம் இருக்கிறப்போ புல் நுனி வரைக்கும் ஏறி நிக்கும். வெயில் வந்து ஈரம் காஞ்சதும் கீழே இறங்கிடும். ஆட்டுக்காரங்க லேட்டா பட்டியைத் திறக்கிறதோட காரணம் சோம்பேறித்தனம் இல்லைங்க!

ஜெர்சி இப்போ நிறைமாச சினை. தையில கன்னு போட்டுடும். பெரிய மாட்டுக்குச் சொன்ன கணக்கு கன்னுக்குட்டிக்குச் செல்லாது. பிறந்த ஈரத்தோட இருக்கிற கன்னுக்கு 15 டிகிரியே குளிர்தான், வாடைக் காத்தும் ஆகாது. அதனால வடகிழக்கு மூலையில காஞ்ச வைக்கோல் பரப்பி, சாக்குத் துணி மடிச்சு வச்சு, ஒரு இடம் ரெடி. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மா. தாத்தாவும் அப்பாவும் அதுல மட்டும் ஒரு வார்த்தை பேசலை!