சத்தம் வந்த நேரம்

எங்கள் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் "என்ன?" என்று கேட்பதில்லை. "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். என் அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். அவரிடமிருந்து போன் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. காதை நம்ப முடியாது. காத்து திருப்பி விட்டுரும்.

டிப்ளமோ என்ற சொல்லையே எங்கள் வீட்டுக்கு நான்தான் கொண்டுவந்தேன். அதனால் ப்ராஜக்ட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். மூன்று இடத்தில் மைக், ஆளுக்கொரு ராஸ்பெர்ரி பை. சத்தம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்தால், அந்த வித்தியாசத்திலிருந்து வெடித்த இடத்தைக் கணக்குப் போடலாம்.

இது புது விஷயமில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்காம் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். 1820, 21-ல் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்க, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து எண்ணி, ஒலியின் வேகத்தை அளந்தார். வெயில் கூடினால் வேகமும் கூடுவது அவர் கணக்கிலேயே தெரிந்தது. அவர் தூரத்தை வைத்து வேகம் கண்டார். நமக்கு வேகம் தெரியும், இடம் வேணும்.

சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். பெட்டிக்குள் இருக்கும் சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 நொடி ஓடிப்போகும். கிட்டத்தட்ட 580 மீட்டர், அதாவது வேறொரு ஆலை! போதாக்குறைக்கு ராஸ்பெர்ரி பை 4-ல் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. நம்ம ஊர்ல கரண்ட் சொல்லிட்டா போகுது?

அங்கேதான் செயற்கைக்கோள் வருகிறது. ஜிபிஎஸ் மாட்யூல் இரண்டு விதமாக நேரம் சொல்லும். ஒன்று, எழுத்தாக வரும் செய்தி. அது ஒருநாள் சீக்கிரம், ஒருநாள் தாமதம். இன்னொன்று, நொடிக்கு ஒரு துடிப்பு, பிபிஎஸ். மில் சங்கு ஊதுவது துடிப்பு; பிறகு வாட்ச்மேன் "மணி எட்டு" என்று சொல்வது செய்தி. எந்த நொடி என்று வாட்ச்மேனிடம் கேள், எப்போது என்று சங்கிடம் கேள். துடிப்பின் பிழை கோடியில் சில பங்கு நொடிதான்.

(நம் நாவிக் செயற்கைக்கோள்களில் முதலாவதின் மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதான செய்தி 2017-ல் வந்தது. 2023 மே 29-ல் போன என்விஎஸ்-01-ல் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் இருக்கிறது. படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம்.)

கடிகாரம் சரியானால் முடிந்ததா? இல்லை. சத்தம் முதலில் சவுண்ட் கார்டின் இடைக்கிடங்கில் உட்காரும். கம்ப்யூட்டர் சாவகாசமாக எடுத்துப் பார்த்து நேரம் குறிக்கும். அதற்குள் இருபது முப்பது மில்லி நொடி போய்விடும், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி. இதற்கு வழி சுலபம். ஸ்டீரியோ கார்டில் ஒரு சானலில் மைக், இன்னொன்றில் ரெசிஸ்டர் போட்டுக் குறைத்த பிபிஎஸ் துடிப்பு. இரண்டும் ஒரே பதிவில் விழும். நொடிக்கு 48,000 மாதிரி. துடிப்பிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் போதும். ஒரு மாதிரிக்குள் சத்தம் 7 மில்லிமீட்டர்தான் நகரும். அப்புறம் மிச்சமுள்ள பிழையெல்லாம் காத்தும் வெயிலும் செய்வதுதான்.

மூன்று பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது, மேலே வானம் தெரிய வேண்டும். இரண்டு மொட்டைமாடி கிடைத்துவிட்டது. சாத்தூர் ரோட்டுப் பக்கம் வீடு உள்ளவர்கள் யாராவது இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வந்து சொல்லுங்கள். ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும்.