செம்பவாங்கிலிருந்து பார்த்தால்

சிங்கப்பூர்



அமெரிக்காவின் காலம் முடிந்துவிட்டதா, அடுத்தது சீனாதானா? ஊரிலிருந்து பேசுகிறவர்கள் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு வல்லரசை வழியனுப்பி வைத்த ஊரில் குடியிருப்பதால் எனக்குப் பதில் தெரியும் என்று நினைப்பு போலும்.

தீவின் வடக்கே செம்பவாங்கில் கான்பெரா, வெல்லிங்டன், ஜிப்ரால்டர் என்று தெருக்களுக்குப் பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்களெல்லாம் பெயர்ப்பலகைகளாக நிற்கின்றன. 1938இல் பிரிட்டன் திறந்த கடற்படைத் தளம் இருந்த இடம் அது. பழைய ஆட்களுக்கு இன்றும் 'நேவல் பேஸ்'. 1941 டிசம்பர் 10 அன்று 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற பிரிட்டனின் இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15இல் தீவே சரணடைந்தது. பிரிட்டனின் மவுசு அன்றே போயிற்று. ஆனால் அது மூட்டை கட்டியது 1971இல்! இடையில் ஏறக்குறைய முப்பது வருஷம்.

கடைசியில் அதை வெளியேற்றியது காலி கஜானாதான். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகள் திரும்பும் என்று பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் அறிவித்தார். சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்து வாதாடியதில், 1971 மார்ச் என்றிருந்த கெடு டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அவ்வளவுதான். தேசிய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்த, சுதந்திரத்துக்குப் பின் மூன்று வயதுகூட நிரம்பாத நாடு இது.

முதல் அடி தொழிலாளிகள் மீது விழுந்தது. நேவல் பேஸில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். குடியுரிமை இல்லாத பலர் ஊருக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் கும்பிட்ட முருகன் மட்டும் இங்கேயே தங்கி, இன்று ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ!

அரசு உட்கார்ந்து அழவில்லை. தளத்தின் கப்பல் பட்டறையை ஒரு வெள்ளிக்குப் பெற்று, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தொழிலாக்கியது. தேசிய சேவை எனப்படும் ராணுவப் பணியை 1967இலேயே கட்டாயமாக்கியிருந்தது. பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாத் தளத்தை விட்டு அமெரிக்கா 1992இல் கிளம்பியபோது, அதன் கடற்படைத் தளவாடப் பிரிவுக்கு இடம் கொடுத்தது. அதுவும் அதே செம்பவாங்கில். சீனாவோடு வியாபாரம், அமெரிக்காவோடு பாதுகாப்பு. சந்தர்ப்பவாதம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சின்ன நாட்டுக்கு வேறு என்ன வாதம் கட்டுப்படியாகும்?

இப்போது அமெரிக்காவின் முறை. 2024 நிதியாண்டில் கடனுக்கு அது கட்டிய வட்டி ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது. 2004 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருந்தும், அமெரிக்கப் பொருளுக்கு வரியே போடாத சிங்கப்பூர் மீது 2025 ஏப்ரலில் 10 சதவீத வரி விழுந்தது. விதிகளுக்குக் கட்டுப்பட்ட உலக வணிகத்தின் காலம் முடிந்தது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் பூசி மெழுகாமல் சொன்னார்.

பிரிட்டன் இறங்கியபோது அந்த இடத்துக்கு அமெரிக்கா தயாராக நின்றது. இன்று அப்படி யாருமில்லை. சீனாவுக்கு விற்க ஆசை. பிறர் கடல்வழிக்குக் காவல் நிற்கும் செலவைச் சுமக்க ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, அடுத்தது யார் என்ற கேள்வியே பழைய காலத்துக் கேள்வி என்பது என் கட்சி.

மலாக்கா நீரிணையைப் பாருங்கள். அங்கே கடற்கொள்ளை பெருகி, 2004இல் அமெரிக்கப் படை காவலுக்கு வரலாம் என்ற பேச்சு எழுந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் கூடவே கூடாது என்றன. சிங்கப்பூரைச் சேர்த்துக்கொண்டு தாங்களே சுற்றுக்காவல் தொடங்கின. மறு ஆண்டு விமானக் கண்காணிப்பும் வந்தது. போர் அபாயப் பகுதி என்று லண்டன் காப்பீட்டுச் சந்தை குத்திய முத்திரை 2006இல் நீங்கியது. பின்னர் தாய்லாந்தும் சேர்ந்தது. ஒருவரையொருவர் முழுசாக நம்பாத அண்டை நாடுகள் செய்த காரியம் இது.

இந்த மாதிரிச் சில்லறை ஏற்பாடுகள் உக்ரேனுக்கும் தைவானுக்கும் போதாது, மறுக்கவில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு இனி கிடைக்கப்போவது இதுதான். அதனால் அடுத்த முறை போனில் சீனாவா, அமெரிக்காவா என்று கேட்காதீர்கள். பாக் நீரிணையில் இந்திய-இலங்கை மீனவர் பேச்சுவார்த்தை எந்த மட்டில் இருக்கிறது என்று நான் உங்களைக் கேட்பேன்.