மருத்துவச்சிக்குக் கற்பித்த நீர்

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 743-ஆம் விதி, மரண ஆபத்தில் முறையாக ஞானஸ்நானம் கொடுப்பதை விசுவாசிகளுக்கு, சிறப்பாக மருத்துவச்சிகளுக்கு, பங்குக்குரு கற்றுத்தர வேண்டும் என்றது. (அன்றைய வழக்கு ‘ஞானஸ்நானம்’தான்.) விதியாகப் படிக்கையில் அது ஒரு வரி. கரிசல் சீமையின் பழைய பங்கு ஒன்றின் ஏடுகளைப் புரட்டியபோதே அதன் கனம் எனக்குப் புரிந்தது.

விருதுபட்டி விருதுநகராகியதும், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டதும் 1923-ஐ ஒட்டிய காலம். மருத்துவச்சி நீர் வார்த்த குழந்தையின் பெயரை ஞானஸ்நான ஏட்டில் வாசித்து, பத்து நாள் தள்ளி அடக்க ஏட்டிலும் வாசிக்க நேர்ந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை. சென்னை மாகாணத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 200-ஐ ஒட்டி ஓராண்டு நிறையுமுன் மடிந்த நாள்கள் அவை.

அம்மரணங்களுள் பல இரண ஜன்னியால் நேர்ந்தவை. தொப்புள்கொடியை அறுத்தது வீட்டு அரிவாள். புண்ணில் வைத்தது சாம்பல் அல்லது சாணம். ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்க வாய் திறவாது, உடல் விறைத்துவிடும். மருத்துவச்சியைக் குறைகூற எனக்கு மனமில்லை. நள்ளிரவில் அழைத்தாலும் வந்தவள் அவள் ஒருத்தியே. நெற்றியில் வார்க்கும் நீரைப்பற்றி அவளுக்குச் சொல்லித்தந்தோம். கத்தியைக் கொதிக்கவைக்கும் நீரைப்பற்றிச் சொல்லித்தந்தவர் அரிது.

கன்னியர் மடங்கள் இருந்தனவே என்று கேட்கலாம். துறவறச் சகோதரிகள் பேறுகாலப் பணியில் ஈடுபடலாகாது என்பது அந்நாளைய தடை. கற்பு வார்த்தைப்பாட்டைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது, உண்மையே. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் தாய்மாரும் சேய்களும். தடையை நீக்கும்படி ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் உரோமையிடம் மன்றாடினார். 1913-இல் பலன் காணாமலே இறந்தார். 1920-இல் குண்டூர் வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, துறவியான பின்னும் மருத்துவம் செய்யத் திருத்தந்தையின் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. பொது அனுமதி 1936 பிப்ரவரி 11-இல்தான் வந்தது.

தமிழகத்தில் 2020-இல் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13. பச்சிளங்குழந்தைகளின் இரண ஜன்னி இந்தியாவில் கட்டுக்குள் வந்ததை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் உறுதிசெய்தது. பட்டாசு ஆலைக்குச் செல்லும் நம் பெண்கள், கருவுற்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள்.