வினாலெஸ்: பொறுமையில் பழுக்கும் சுருட்டு

கியூபாவின் மேற்குப் பகுதியில், பினார் டெல் ரியோ மாகாணத்தில் இருக்கிறது வினாலெஸ் பள்ளத்தாக்கு. செம்மண் வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். இன்றும் மாடு பூட்டி உழும் விவசாயிகள். 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

வயலோரங்களில் ஓலை வேய்ந்த உயரமான கொட்டகைகள் தெரியும். பறித்த புகையிலையைக் கம்புகளில் கோத்து இங்கேதான் வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகிறது. பிறகு குவித்துப் புளிக்கவைக்க, அந்தச் சூட்டில் அம்மோனியா வெளியேறி, காரம் அடங்குகிறது. சுருட்டாக ஆன பின்பும் செடார் மரப்பெட்டியில், அளவான ஈரப்பதத்தில், ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது.

இப்படிப் பழுத்த சுருட்டை ரசிப்பவர்கள் அவசரப்படுவதில்லை. பற்றவைக்கும் முன்பே முகர்ந்து பார்ப்பார்கள். புகையை உள்ளே இழுக்காமல் வாயில் நிறுத்தி விடுவார்கள். மரம், கோகோ, தோல் என மணங்கள் மெல்ல மாறுமாம். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

2022 செப்டம்பரில் இயன் புயல் இந்த மாகாணத்தைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான கொட்டகைகள் சரிந்தன. கொட்டகை இல்லாவிட்டால் இலையை உலர்த்த இடமில்லை. வயல் இருந்தும் பயனில்லை. எங்கோ ஒருவர் பத்து வருடப் பெட்டியைத் திறந்து ரசிக்கும்போது, புயலுக்கு முந்தைய அறுவடைதான் மணக்கிறது. அதை விளைவித்தவர்களோ, கொட்டகைக்குக் கால் நடுவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.