தாத்தாவின் விரல், என் மூக்கு

சுருட்டைப் பற்றி ஒரு பெண்பிள்ளை என்ன எழுதப் போகிறாள் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் உறையூரில் பிறந்தவள். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே 'திருச்சிச் சுருட்டு' என்று ஹோம்ஸ் கண்டுபிடித்து விடுகிறாரே, அந்தச் சுருட்டு எங்கள் ஊர்ச் சரக்குதான்!

ஒரு சுருட்டுக் கம்பெனியில் தாத்தாவுக்குச் சரக்குப் பார்க்கும் வேலை. கையால் சுருட்டியதைக் கட்டுக் கட்டாக அவர் முன் கொண்டு வந்து வைப்பார்கள். அவர் ஒதுக்கினால் அந்தக் கட்டுக்குக் கூலி கிடையாது.

முதலில் காதோரம் வைத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டுவார். சருகு மாதிரி நொறுநொறுத்தால் காய்ந்து போனது; சத்தமே இல்லாவிட்டால் ஈரம். அப்புறம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்திக்கொண்டே போவார். நடுவில் கல் மாதிரித் தட்டுப்பட்டால் புகை வராது. பள்ளம் தட்டினால் அந்தப் பக்கம் மட்டும் விறுவிறுவென்று எரிந்து கோணிக்கொள்ளும். மேல் இலையில் நரம்பு தடித்திருக்கக் கூடாது. முகர்ந்து பார்ப்பார். திருச்சிச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். பற்ற வைக்குமுன் வெறுமனே ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கட்டுக்கு ஒன்றுதான் பற்ற வைப்பது. தீக்குச்சியின் மருந்து வாடை போகும்வரை பொறுத்து, சுடர் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். புகையை விழுங்க மாட்டார். வாயில் நிறுத்தி விட்டுவிடுவார். சாம்பல் உதிராமல் நின்றால், "பரவாயில்லை" என்பார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது. பாட்டியின் சமையலுக்கும் அதேதான்!

1967-ல் ஒரு விஷக் காய்ச்சல் வந்து தாத்தாவின் மூக்கைக் கொண்டு போய்விட்டது. வாசனையே தெரியவில்லை. புகையும் கூடாது என்றுவிட்டார் டாக்டர். பற்ற வைத்துப் பார்ப்பதைக் கணக்கப்பிள்ளையிடம் தள்ளிவிட்டார். ஆனால் மூக்குப் போன சமாசாரம் முதலாளிக்குத் தெரிந்தால் வேலையே போய்விடும். பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட அழைத்துப் போனார். எனக்குப் பதினோரு வயது. விரல் அவருடையது, மூக்கு என்னுடையது.

ஒரு நாள் எங்கள் தெருக்காரர் ஒருவர் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் மகள் என் தோழி. காலையில் அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று எனக்குத் தெரியும். முகர்ந்தேன். பூஞ்சை வாடை.

"நல்லா இருக்கு தாத்தா."

தாத்தா ஒன்றை எடுத்துக் காதோரம் உருட்டினார். சத்தமில்லை.

"மூக்கு பொய் சொல்லுதா பாப்பா, வாய் பொய் சொல்லுதா?" என்றார் மெதுவாக.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனிதர் எதிரிலேயே நின்றார்.

தாத்தா கட்டை ஒதுக்கவும் இல்லை, சரக்கோடு சேர்க்கவும் இல்லை. "இது என் கணக்கில் இருக்கட்டும்" என்று தம் பையில் போட்டுக்கொண்டார்.

புகைக்கக் கூடாத மனிதருக்கு ஒரு கட்டுச் சுருட்டு! பாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் கப்பென்று அடங்கிவிட்டாள். நாலு நாள் வெயிலில் உலர்த்தி, துணியில் முடிந்து, பூச்சி வராமலிருக்கப் பட்டுப் புடவைப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்தப் பொங்கலுக்கு அவள் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது வீடே சுருட்டு நெடி. நாங்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"புடவை பரவாயில்லையே" என்றார் தாத்தா.