ஹாங்சௌ நகரில் நாடி பார்த்த காலை

ஷாங்காய் நகரிலிருந்து விரைவுப் புகையிரதத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹாங்சௌ நகரை அடைந்துவிடலாம். அங்கு செல்வோர் யாவரும் முதலில் நாடுவது மேற்கு ஏரியைத்தான். நாமும் அதன் கரையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம். ஆயினும் ஊர் திரும்பிய பின் எம் நெஞ்சில் நிலைத்திருப்பது அந்த ஏரியன்று. வூஷான் குன்றின் அடியிலுள்ள பழைய வீதியிலே, மூலிகை மணத்தின் நடுவே நாம் கண்ட ஒரு காட்சியே.

அவ்வட்டாரத்திலேதான் ஹு சிங் யூ தாங் என்னும் புகழ்பெற்ற மருந்தகம் இருக்கிறது. ஹு சுயே யான் என்னும் பெருவணிகர் அதனை 1874ஆம் ஆண்டில் நிறுவினார். உயர்ந்த மதிலும், சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்களும், மருந்துச் சரக்குகள் நிறைந்த இழுப்பறைகளும் பார்ப்போரை வியக்க வைக்கின்றன. அங்கே ‘ஏமாற்றாதே’ என்னும் பொருள்பட எழுதிய பலகையொன்று, வாங்க வருவோரை நோக்கியன்றி, விற்போரின் கண்ணிற் படும்படி உட்புறம் நோக்கி மாட்டப்பட்டுள்ளது. கஸ்தூரி, குசும்பாப்பூ முதலியவற்றைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தலாகாது என்பது சீன வைத்தியத்தின் பழைய விதி என்றும் அங்கே கேட்டறிந்தோம்.

எமக்கு வழிகாட்டியாக வந்த மாணவியின் தமக்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அருகிலிருந்த ஒரு சிறிய வைத்தியசாலைக்கு அவள் அன்று செல்லவிருந்தாள். அவளுடைய சம்மதத்துடன் நாமும் உடன் சென்றோம்.

நால்வகைப் பரிசோதனை

வைத்தியர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். பார்த்தல், கேட்டும் முகர்ந்தும் அறிதல், வினவுதல், தொட்டு நாடி பார்த்தல் என்னும் நான்குமே சீன வைத்தியரின் கருவிகள். அம்மையார் முதலில் அப்பெண்ணின் முகத்தை உற்று நோக்கினார். பின்னர் நாக்கை நீட்டச் சொல்லி, அதன் நிறத்தையும் மேற்படிந்த மாவையும் கவனித்தார்.

மசக்கை வாந்தி ஒன்றாயினும் அதன் காரணம் ஒன்றன்று என்பது அவர்கள் கொள்கை. தெளிந்த நீராக வாந்தி எடுத்து, சோர்ந்து, நாக்கு வெளிறியிருந்தால் இரைப்பையின் பலவீனம் என்பர். கசப்பாக வாந்தி எடுத்து, தாகமும் சினமும் மிகுந்து, நாக்குச் சிவந்து மஞ்சள் மாப் படிந்திருந்தால் ஈரலின் வெப்பம் என்பர். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

அடுத்து, சிறிய தலையணையொன்றின் மேல் அவளுடைய கையை வைத்து, மணிக்கட்டில் மூன்று விரல்களைப் பதித்தார். நம்மூர்ப் பரியாரியார் வாத பித்த சிலேற்பனங்களை அறிய விரல் வைக்கும் காட்சி எம் நினைவுக்கு வந்தது. ஆனால் இவர் இரு கைகளிலும், மேலோட்டமாகவும் அழுத்தியும் நெடுநேரம் பார்த்தார். தட்டிலே முத்துக்கள் உருள்வது போல ஓடும் ‘வழுக்கு நாடி’ கர்ப்பத்தின் அடையாளம் என்பது சீனரின் பழைய நம்பிக்கை. எனினும் சளி மிகுந்தாலும் உணவு செரியாவிட்டாலும் அதே நாடி தோன்றும் என்று அவர்களுடைய நூல்களே கூறுவதால், நாடியொன்றை மட்டும் நம்பி எவரும் முடிவு கூறுவதில்லை.

அன்று அம்மையாரின் விரல்கள் அசையாது நின்றன. முத்தின் ஓட்டத்தோடு, முறுக்கிய நரம்பின் விறைப்பும் அந்நாடியில் இருக்கிறதென்றார். பின் மெல்லக் கேட்டார்: “தலை வலிக்கிறதா, மகளே?”

சொல்லாதிருந்த சொல்

அப்பெண் தலை குனிந்தாள். இரண்டு நாட்களாகத் தலைவலி. காலையில் முகம் வீங்குகிறது. கண்முன் பொறி பறக்கிறது. வீட்டார் கவலைப்படுவார்களென்று ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை இன்னொரு பெண் கேட்டறிவது சீனத்தில் புதியதன்று. 1461இல் பிறந்த தான் யுன்சியான் என்னும் பெண் வைத்தியர், தம் பாட்டியிடம் வைத்தியம் பயின்று, பெண் நோயாளர் 31 பேரின் வரலாறுகளை 1511இல் நூலாக எழுதினார்.

கர்ப்பகாலத்து வீக்கத்துக்கு ஒரு பெயர், தலைச்சுற்றலுக்கு ஒரு பெயர், வலிப்புக்கு ஒரு பெயர் எனச் சீன வைத்தியம் மூன்று பெயர்களை வைத்திருக்கிறது. முதலிரண்டும் மூன்றாவதற்கு வழிகோலக்கூடும் என்று அம்மையார் விளக்கினார். மூலிகை எதையும் அவர் எழுதவில்லை. இழுப்பறையைத் திறந்து இரத்த அழுத்தமானியை எடுத்துக் கையிற் கட்டினார். 150க்கு 100 எனக் காட்டியது. உடனே சீட்டொன்றை எழுதி, “வீட்டுக்குப் போகவேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்றார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிற் சோதித்தபோது சிறுநீரிற் புரதம் காணப்பட்டது. அவளை அங்கேயே தங்கவைத்து மருந்து கொடுத்தார்கள். எமது பயணம் முடிந்து விடைபெற்றபோது மாணவியின் முகத்தில் சிரிப்பில்லை. நாம் இலங்கை திரும்பிய சில வாரங்களில் செய்தி வந்தது: உரிய காலத்துக்குச் சற்று முன்னதாகப் பெண்குழந்தை, தாயும் சேயும் நலம்.

மூன்று விரல்களால் இரத்த அழுத்தத்தை அளக்க முடியாது. அதை அந்த அம்மையாரே அறிந்திருந்தார். ஆனால் அழுத்தமானியை எடுக்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றச் செய்தது, அவசரமின்றிப் பார்த்த பார்வையும் அன்போடு கேட்ட ஒரு வினாவுமே. நம் வீடுகளிலும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எத்தனையோ வலிகளை ‘இது வழக்கந்தானே’ என்று விழுங்கிக்கொள்கிறார்கள். விடாத தலைவலியோ, முகவீக்கமோ, கண்மங்கலோ உண்டா என்று அவர்களிடம் கேட்பதற்கு வைத்தியராக இருக்கவேண்டியதில்லை. ‘ஆம்’ என்று விடை வந்தால், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டியதே நம் கடமை.